மாவில் உடைத்த முட்டை

பிப்ரவரி 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். உன் அம்மாவும் சௌக்கியமாகத்தான் இருக்க வேண்டும். என்னோடு பேசுவதில்லை என்பதால், பாத்திரம் வைக்கும் சத்தத்தை வைத்து ஊகித்து எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

எத்தனை முறை அடித்தாலும் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். ஆகவே பேனாவை எடுத்திருக்கிறேன். நான் கடைசியாகப் பேனா பிடித்தது பரீட்சை ஹாலில். அங்கே கணக்கில் வாங்கிய முட்டைகளை அடுக்கித்தான் பிற்பாடு ஆம்லெட் கடை போட்டேன் என்பது ஊருக்கே தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்றைக்கு நடந்ததை நிதானமாக யோசித்துப் பார். லீவுக்கு வந்தாய். வந்த அன்றே, "இனிமே நான் முட்டை சாப்பிட மாட்டேன்" என்று அறிவித்தாய். முட்டைக் கடைக்காரன் மகள் முட்டை சாப்பிட மாட்டாளாம்! சலூன்காரர் மகன் இனிமேல் முடியே வெட்ட மாட்டேன் என்ற மாதிரி இருந்தது எனக்கு. சரி, பிள்ளை விளையாடுகிறது, நாமும் விளையாடுவோம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எதிர்த்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கும் அவர் சம்சாரமும் சாப்பிட வந்தார்களே, அன்றைக்கு ரொட்டி மாவில் ஒரே ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்தேன். நீயும், "ரொட்டி மெத்துமெத்துன்னு இருக்குப்பா" என்று கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். எனக்குத்தான் ரகசியம் வயிற்றில் தங்காதே. "எப்படிம்மா இருந்துச்சு முட்டை?" என்றேன். மெக்கானிக்குக்குப் புரையேறிவிட்டது சிரித்து.

நீ எழுந்தாய், கை கழுவினாய், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். ஒரு முட்டைக்கு இவ்வளவா? ஒரு தட்டு நிறைய இருந்திருந்தால் நாட்டை விட்டே போயிருப்பாய் போலிருக்கிறது.

கோபம் ஆறியதும் போன் பண்ணு.

உன்னையே நினைத்துக்கொண்டு வியாபாரத்தைக் கோட்டை விடும்
அப்பா

(அம்மா எழுதுவது: இவர் எழுதியிருப்பது எல்லாம் நடந்ததுதான். ஆனால் இப்படி நடக்கவில்லை.)


பிப்ரவரி 26

அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். முதல் ரொட்டியைப் பிய்க்கும் முன் நான் கேட்டேன். "அப்பா, இதுல முட்டை இருக்கா?" நீங்கள் இல்லை என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்து திரும்பவும் கேட்டேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு என் தலையில் வைத்து, "உன் மேல சத்தியமா இல்லம்மா" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேன்.

நான் முட்டைக்காக எழுந்து போகவில்லை. என் தலையில் கை வைத்துப் பொய் சொல்லிவிட்டு, அதையே சாப்பிட வந்தவர்கள் முன்னால் வேடிக்கையாகக் காட்டினீர்கள். எல்லோரும் சிரித்தீர்கள். என் வாயில் அப்போதும் ஒரு துண்டு இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியவில்லை.

போன் பண்ணாதீர்கள். போனில் நீங்கள் சிரிப்பீர்கள். சொல்ல இருந்தால் எழுதுங்கள். எழுதும்போது சிரிப்பது உங்களுக்கே கஷ்டமாக இருக்கும்.

இனி உங்கள் கையால் நான் எதையும் சாப்பிட மாட்டேன். சிட்டு என்றும் எழுத வேண்டாம்.

மகள்


மார்ச் 8

அன்புள்ள மகள் அவர்களுக்கு,

வணக்கம். நலம். தங்கள் நலத்தைத் தெரிவித்ததற்கு நன்றி. இனி இப்படித்தான் எழுத வேண்டுமென்றால் எழுதிவிட்டுப் போகிறேன். கடைக்கு லைசென்ஸ் கேட்டு ஆள் வைத்து மனு எழுதிய பழக்கம் இருக்கிறது.

'அப்பாவுக்கு' என்று மொட்டையாகத் தொடங்கியிருக்கிறாய். 'அன்புள்ள' போட்டால் போஸ்ட் ஆபீஸில் கூடுதலாக ஸ்டாம்ப் ஒட்டச் சொல்வார்களா?

சத்தியத்தைப் பிடித்துக்கொண்டாய். அது வாய்ப் பழக்கம். காலையில் கடையைத் திறந்ததும், "சத்தியமா இன்னைக்கு வந்த முட்டைங்க" என்று தொடங்கினால் அடுப்பை அணைக்கும்வரை அந்தச் சொல் வாயில் கிடக்கும். பல்லில் மாட்டிய மிளகாய்த் தோல் மாதிரி. அதற்கெல்லாம் அர்த்தம் பார்த்தால் எந்தக் கடைக்காரன் பெண்ணும் அப்பனோடு பேச முடியாது.

இப்போது நான் கேட்கிறேன். நீ வேலை பார்ப்பது எங்கே? கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேட்சரியில். அங்கே ஆபீஸில் உட்கார்ந்து கணக்கு எழுதி, மாதா மாதம் சம்பளம் வாங்கலாம். அப்பன் ஒரு முட்டையை மாவில் போட்டால் மட்டும் பாவமா? எந்தக் கூட்டம் உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது? ஹாஸ்டல் அறையில் உன்னோடு இருக்கிறவளா? நீ குடித்த பால், கட்டிய பீஸ், போட்ட செருப்பு எல்லாம் தோசைக்கல்லில் வெந்த முட்டையிலிருந்து வந்தது. அதைச் சாப்பிட மாட்டேன் என்றால் என்னையே துப்பின மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. சிரித்து மழுப்பினேன். அழுதிருந்தால் உனக்குத் திருப்தியாக இருந்திருக்குமா?

உடம்பைப் பார்த்துக்கொள். சத்தில்லாமல் காய்ந்து போகாதே.

இன்னமும் உன் அப்பாவாகவே இருப்பவன்

(அம்மா எழுதுவது: அன்றைக்கு நானும் சிரித்தேன். அதை மட்டும் நீ எழுதவில்லை. ஏன்?)


ஏப்ரல் 21

அப்பாவுக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. காய்ச்சல் எதுவும் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன், அவ்வளவுதான்.

எந்தக் கூட்டமும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அறையில் இருப்பவள் தினம் ராத்திரி முட்டை வேகவைத்துச் சாப்பிடுகிறாள். நான்தான் அவளுக்கு உப்பு எடுத்துக் கொடுக்கிறேன்.

நான் கணக்கு எழுதவில்லை. சேர்ந்த சில நாளிலேயே ஆபீஸிலிருந்து உள்ளே மாற்றிவிட்டார்கள். உங்களிடம் சொல்லவில்லை. என் வேலை குஞ்சு பிரிப்பது. பொரித்த குஞ்சுகள் தட்டுத் தட்டாக மேஜைக்கு வரும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சிறகை விசிறி மாதிரி விரித்துப் பார்க்க வேண்டும். இறகுகள் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று இருந்தால் பெண். எல்லாம் சமமாக இருந்தால் ஆண். பெண் வலது கூடைக்கு. ஆண் இடது கூடைக்கு. இது முட்டைக்காக வளர்க்கும் சாதிக் கோழி; சேவல் முட்டையும் போடாது, கறிக்கும் தேறாது. இடது கூடை பின்கதவு வழியாகப் போகும். திரும்பி வரும்போது காலியாக இருக்கும்.

உள்ளங்கையில் அதன் சூடு தெரியும், அப்பா. அப்போதுதான் பிறந்த சூடு.

எனக்கு இந்த வேலை நன்றாக வருகிறது. என்னை மாதிரி வேகமாகப் பிரிக்க அங்கே ஆள் இல்லை என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று மத்தியானம் கேன்டீனில் என் தட்டில் முட்டை வைத்தார்கள். எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. கொள்கை, கூட்டம், புத்தகம் ஒன்றும் இல்லை.

வேலையை விட்டுவிடேன் என்பீர்கள். விட மாட்டேன். நான் எழுந்தால் அந்த நாற்காலியில் இன்னொருத்தி உட்காருவாள், கூடை நிரம்பத்தான் செய்யும். எனக்கும் சம்பளம் வேண்டும். ஆனால் கை செய்வதை வாயும் சேர்ந்து செய்ய வேண்டாம் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன். சின்னக் கோடு. யாருக்கும் தொந்தரவு இல்லாத கோடு. அதைச் சிரித்துக்கொண்டே அழித்தீர்கள்.

இதற்குப் பதில் வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அவள் சிரித்ததையும் பார்த்தேன்.

மகள்


மே 6

அன்புள்ள மகளுக்கு,

நலம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அடுப்பைப் பற்ற வைக்காமலே ஆம்லெட் போடலாம். அங்கே எப்படி?

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பிஸ்கட். நம்மிடம் பிஸ்கட் சுடுகிற அடுப்பு கிடையாது அல்லவா, அதனால் அடுத்த தெரு பேக்கரிக்குப் போய், அவர்கள் பன் சுட்டு முடித்த சூட்டில் தட்டை உள்ளே தள்ளிக்கொண்டேன். முதல் தட்டு கருகியது. இரண்டாம் தட்டு வேகவில்லை. மூன்றாவதைப் பேக்கரி முதலாளி கடித்துவிட்டு, "அண்ணே, இதுல வீடு கட்டலாம்" என்றார். நாலாவதுதான் உனக்கு வருகிறது. மைதா, வெண்ணெய், சர்க்கரை, கொஞ்சம் ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. வேறு எதுவும் இல்லை. முட்டை போடாமல் மாவு ஒட்டவே மாட்டேன் என்கிறது. அதைச் சேர்த்துப் பிடிக்க வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. இத்தனை வருஷமாக முட்டைதான் என் வேலையில் பாதியைச் செய்திருக்கிறது போல.

வேறு என்ன எழுதுவது. மெக்கானிக் உன்னைக் கேட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி.

டப்பா மூடி இறுக்கமாக இருக்கும். ஸ்பூன் காம்பால் நெம்பு.

அப்பா

(அம்மா எழுதுவது: கூடையைப் பற்றி நீ எழுதிய பக்கத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். கேட்டால் சீட்டுக் கம்பெனி ரசீது என்கிறார்.)


மே 19

அப்பாவுக்கு,

நலம். அம்மா முழங்காலுக்கு டாக்டரைப் பார்க்கட்டும்.

பார்சல் வந்தது. கேட்டில் ஒரு நாய் இருக்கிறது. வாட்ச்மேன் வளர்ப்பது. அதற்குப் போட்டுவிட்டேன்.

நாய் நலம்.

மகள்


மே 24

மகளுக்கு,

இந்த முறை நலம் விசாரிக்கவில்லை. நாயின் நலம் தெரிந்துவிட்டதே, அது போதும்.

எனக்குக் கோபம் வராது என்று ஊரே சொல்லும். வருகிறது. நன்றாகவே வருகிறது. நான்கு நாள் கடையைப் பாதியில் மூடிவிட்டுப் பேக்கரிக்காரன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவன் பன் வாசத்தில் வெந்து, விரலைச் சுட்டுக்கொண்டு செய்ததை நாய்க்குப் போட்டிருக்கிறாய். போட்டதோடு விடாமல் அதை எழுதியும் இருக்கிறாய். போடாமல் இருந்திருக்கலாம், போட்டாலும் எழுதாமல் இருந்திருக்கலாம். யாருக்குப் பிறந்தாய் நீ? எனக்கு இவ்வளவு விஷம் வராது. உன் அம்மாவுக்கும் இதில் பாதிதான் வரும்.

அந்தப் பிஸ்கட்டில் ~~சத்தியமாக~~ முட்டை இல்லை.

மேலே ஒரு சொல்லை அடித்திருக்கிறேன். எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது. அதற்குப் பதிலாக வேறு சொல் போடலாம் என்று வெகுநேரம் யோசித்தேன். நிஜமாக என்று போடலாம். உண்மையாக என்று போடலாம். எதைப் போட்டாலும் நீ நம்பப் போவதில்லை. ஒரு சொல்லைத் தொலைத்ததும் அதன் அண்ணன் தம்பிகளும் கூடவே போய்விட்டார்கள்.

இல்லாததை இல்லை என்று சொல்ல எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது. சந்தோஷம்தானே?

அப்பா

(அம்மா எழுதுவது: பிஸ்கட் நன்றாக இருந்தது. நான் சாப்பிட்டேன்.)


ஜூன் 30

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளி, நான் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறேன். அவர் எங்கள் ஹேட்சரியில் ஜெனரேட்டர் பார்ப்பவர். கரண்ட் போனால் முட்டைகள் குளிர்ந்துவிடும். அதனால் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருப்பவர். அதிகம் பேச மாட்டார். என் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் மாட்டார். எனக்கு அது போதும்.

கையெழுத்துப் போட்டதும் கேன்டீன் ஹாலில் மத்தியானச் சாப்பாடு. கூட வேலை செய்பவர்கள் மட்டும். நீங்கள் இருவரும் வரலாம்.

அப்பாவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. சமையல் பக்கம் போகக் கூடாது. பரிமாறக் கூடாது. எனக்கோ, வந்தவர்களுக்கோ, யாருக்குமே உங்கள் கையால் எதுவும் கொடுக்கக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீர் கூட. வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

சம்மதம் என்றால் வாருங்கள்.

மகள்


ஜூலை 5

மகளுக்கு,

கல்யாணச் செய்தி கிடைத்தது. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். அதிகம் பேச மாட்டார் என்று எழுதியிருக்கிறாய். புத்திசாலி. உன்னோடு இருக்கப் போகிறவர் இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

நான் வரவில்லை. அம்மா வருவாள்.

என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த காரியம் ஒன்று உண்டென்றால் அது பசித்து வந்தவன் முன்னால் ஒரு தட்டை வைப்பது. படிப்பு வரவில்லை, காசு சேரவில்லை, தலையில் முடிகூட நிலைக்கவில்லை. இது ஒன்றுதான் வந்தது. சொந்த மகள் கல்யாணத்தில் அந்தக் கையைக் கழற்றி வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வா என்கிறாய். கையைக் கட்டிக்கொண்டு உட்கார வாத்தியார் சொல்லியே நான் உட்கார்ந்ததில்லை.

கோழிக்குஞ்சைக் கூடையில் எறிகிற கை சுத்தம். ரொட்டி போடுகிற கை அசுத்தம். நல்ல நியாயம்தான் கண்டுபிடித்திருக்கிறாய்.

மகராசியாக இரு.

அப்பா

(அம்மா எழுதுவது: இதைத் தபாலில் போடாதீங்க என்று சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார்.)


ஆகஸ்ட் 11

அன்புள்ள மகளுக்கு,

சௌக்கியமாக இருக்கிறாயா? போன கடிதத்துக்கு நீ ஒரு வரி கூட எழுதவில்லை. தபால்காரர் நம் தெருவைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். பாவம், அவருக்கே சங்கடமாக இருக்கிறது.

கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேடிக்கைக் கதை இல்லை.

ரொட்டியில் முட்டை போட்டு உன்னை ஏமாற்றிய கதையை நான் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். உனக்குத் தெரியாது. ஆம்லெட் வேகும் நேரத்தில் சொல்வதற்கு ஏற்ற நீளம். எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் அவர்களே அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவன் டீயைக் கையில் வாங்கியதும், "அண்ணே, இதுல முட்டை இல்லையே? என் தலையில கை வைங்க" என்பான். நானும் வைப்பேன். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் ஓர் அம்மா வந்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் யாரையோ சேர்த்துவிட்டு வந்த முகம். அலைந்த அலைச்சலில் குரலே வரவில்லை. "முட்டை சேராம சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். உன் பிஸ்கட் விவகாரத்துக்குப் பிறகு நான் முட்டை படாத மாவு, முட்டை படாத கல் என்று ஒரு மூலையில் தனியாக வைத்திருக்கிறேன். அதில் சூடாக இரண்டு ரொட்டி போட்டுக் கொடுத்தேன். அவர்கள் ஒரு துண்டைப் பிய்த்துவிட்டார்கள். அப்போது மெக்கானிக், நல்ல மனுஷன்தான், வாய் சும்மா இருக்காது, சொன்னார்:

"பாத்து சாப்பிடுங்கம்மா. அவரு சொந்தப் பொண்ணுக்கே சத்தியம் பண்ணிட்டு முட்டைய ஊட்டினவரு."

கடையே சிரித்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "இல்லம்மா, இதுல இல்ல, தனிக் கல்லு." அவர்கள் இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார்கள். பிய்த்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "பரவாயில்லைங்க, எனக்குப் பசிக்கல" என்று எழுந்து போனார்கள். பசித்தது. எனக்குத் தெரியும். பசித்தவரை எனக்கு அடையாளம் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்.

அந்த ரொட்டியில் ஒன்றும் இல்லை, சிட்டு. மாவும் உப்பும் தண்ணீரும்தான்.

மெக்கானிக் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்றார். என் வாயில் ஏதோ இருக்கிற மாதிரி இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

போன கடிதத்தில் கடைசியாக உன் கையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதை அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் அனுப்பிவிட்டேன். இப்போது அது உன்னிடம் இருக்கிறது, நான் ஒன்றும் செய்ய முடியாது.

வருகிறேன். அம்மாவோடு வந்து, நீ காட்டும் இடத்தில் உட்காருகிறேன். கையைக் கட்டிக்கொள்கிறேன். கட்டிக்கொள்ள வராவிட்டால் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்பா

(அம்மா எழுதுவது: கதையை நிறுத்திவிட்டார். யாராவது ஆரம்பித்தால் அடுப்பைக் கிளறப் போய்விடுகிறார்.)


செப்டம்பர் 15

அப்பாவுக்கு,

நான் நலம். அவரும் நலம். அம்மா பஸ்ஸில் காலை மடக்கி உட்கார்ந்து போனாளே, வலி அதிகமாகிவிட்டதா?

நீங்கள் என் கையைப் பற்றி எழுதிய வரியை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். அதற்குப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. அதையேதான் தினமும் மேஜை முன்னால் உட்காரும்போது நானும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் சேர்ந்து சொல்ல வேண்டியிருந்ததா என்றுதான் தோன்றியது.

ஹாலில் அன்று உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது மீறுவீர்கள் என்று பார்த்தேன். மீறினால் எல்லோர் முன்னாலும் உங்களை வெளியே போகச் சொல்லத் தயாராக இருந்தேன். சொல்ல வேண்டிய வார்த்தையைக் கூட யோசித்து வைத்திருந்தேன்.

எங்கள் சூப்பர்வைசர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, அந்த உப்பை இப்படித் தள்ளுங்க" என்றார். உப்பு உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. நீங்கள், "அந்தப் பக்கம் கேளுங்க தம்பி, நான் இன்னைக்கு விருந்தாளி" என்றீர்கள். அவர் உங்களை ஒரு மாதிரி பார்த்தார். நீங்கள் ஒரு வேடிக்கை சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு எதிரே இருந்த பெரியவருக்கு விக்கல் வந்தது. தண்ணீர் ஜக் உங்கள் முன்னால். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உங்களைத்தான் பார்த்தார். உங்கள் வலது கை மேஜை மேல் பாதி வந்துவிட்டது. அதை இடது கையால் பிடித்துக் கீழே இறக்கினீர்கள். இறக்கிவிட்டுக் கூட்டத்தில் என்னைத் தேடிக் கூப்பிட்டீர்கள்: "அம்மாடி, இவருக்குத் தண்ணி குடும்மா, சீக்கிரம்."

நான்தான் வந்து ஊற்றினேன். உங்கள் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்றும் எழுத மாட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் இருவருக்கும் லீவு. வருகிறோம். எனக்கு வேண்டியதை நானே சமைத்துக் கட்டிக்கொண்டு வருவேன். அதில் யாரும் வருத்தப்பட வேண்டாம். நான் கேட்கும்வரை என் தட்டில் எதுவும் வைக்க வேண்டாம். எப்போது கேட்பேன் என்று தெரியாது. கேட்காமலே கூடப் போகலாம்.

தண்ணீர் மட்டும் கொண்டு வரவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கியதும் தாகமாக இருக்கும். நீங்களே ஊற்றிக் கொடுங்கள்.

சிட்டு


செப்டம்பர் 22

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா கால் பரவாயில்லை. நான் நலம்.

வா. பானையைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டேன். தண்ணீரில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும். இதற்குச் சத்தியம் எதுவும் கிடையாது. வந்து குடித்துப் பார்.

அப்பா